ஃப்ளோ மீட்டரில் எந்த அவுட்புட் எடுப்பது: 4-20 மில்லியாம்ப், பல்ஸ், ஹார்ட், மாட்பஸ் பற்றி ஒரு மதிப்பீடு

ஃப்ளோ மீட்டர் வாங்கும்போது பைப் சைஸ், லைனிங், எலக்ட்ரோடு உலோகம், ஃபிளாஞ்ச் ரேட்டிங், துல்லியம் என்று ஒவ்வொன்றையும் அலசிப் பார்ப்பார்கள். அவுட்புட் என்ற கட்டத்துக்கு வந்ததும் ‘4-20 போட்டுடுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாட்டி ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் சிக்கல் தலைகாட்டும். மீட்டரின் டிஸ்ப்ளே ஒரு டோட்டல் காட்டும், கண்ட்ரோல் ரூம் திரை வேறொன்று காட்டும். மீட்டர் சரியில்லை என்று கழற்றிக் கேலிபரேஷனுக்கு அனுப்புவார்கள். அது நல்லபடியாகத் தேறித் திரும்பி வரும். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் மீட்டர் சரியாகத்தான் அளந்திருக்கும். அளந்த எண்ணை வெளியே எடுத்துப் போன வழியில்தான் கோளாறு.

அதனால் இங்கே மீட்டர்களை ஒப்பிடவில்லை. மின்காந்த மீட்டர், வோர்டெக்ஸ், கொரியோலிஸ், டர்பைன், அல்ட்ராசோனிக் எதுவானாலும், அதன் டெர்மினல் பெட்டிக்குள் கிடைக்கும் அவுட்புட்களை மட்டும் எடுத்து, எது எந்த வேலைக்கு நம்பகமானது, எது எங்கே காலை வாரும் என்று பார்க்கிறோம். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டரை வைத்துக்கொள்வோம்: ரேஞ்ச் மணிக்கு 0 முதல் 100 கனமீட்டர்.

தேர்வு செய்யும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது ‘இப்போது எவ்வளவு ஓடுகிறது’ என்பதா, ‘இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது’ என்பதா? முதலாவது ஓட்ட வேகம், இரண்டாவது டோட்டல். வால்வைக் கட்டுப்படுத்த முதலாவது போதும். விற்ற அளவு, கலந்த அளவு, தொட்டியில் நிரப்பிய அளவு என்றால் இரண்டாவது வேண்டும். ஒன்றுக்கு ஏற்ற சிக்னலை மற்றொன்றுக்கு இழுத்துப் பிடித்துப் பயன்படுத்துவதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

4-20 மில்லியாம்ப்

ஓட்டம் இல்லையென்றால் 4, முழு ரேஞ்சுக்கு 20, நடுவில் 12 வந்தால் 50 கனமீட்டர். வந்த மின்னோட்டத்தில் 4 கழித்து, 16-ஆல் வகுத்து, ரேஞ்சால் பெருக்கினால் ஓட்டம். பூஜ்யத்துக்கு 4 வைத்ததில் இரண்டு லாபம். ஒயர் அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும், அதை ‘ஓட்டம் இல்லை’ என்பதோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. இன்னொன்று, சிக்னல் போகும் இரண்டு ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டூ-வயர் டிரான்ஸ்மிட்டர் அந்த 4 மில்லியாம்பிலேயே உயிர்வாழ்கிறது. 0-20 மில்லியாம்ப் அவுட்புட்டில் இந்த இரண்டும் கிடையாது; புதிதாக வாங்குபவர் அதைத் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை.

ஆலைக் கருவிகளைப் பயன்படுத்துவோர் அமைப்பான நாமூரின் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லியாம்ப் வரை வருவது அளவீடு. 3.6 அல்லது அதற்குக் கீழே, 21 அல்லது அதற்கு மேலே போனால் மீட்டரில் கோளாறு என்று பொருள். மீட்டர் இதை ஒழுங்காகச் செய்துவிடும். பிஎல்சி (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராமில் யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் குறை. 3.6 மில்லியாம்ப் கணக்கில் மைனஸ் 2.5 சதவீதம், புரோகிராம் அதை 0 என்று வெட்டிக் காட்டும். எலக்ட்ரானிக்ஸ் பழுதான மீட்டர், திரையில் அடைத்த வால்வு போலத் தெரியும். அனலாக் இன்புட்டை ஸ்கேல் செய்யும் இடத்திலேயே 3.6 கீழ், 21 மேல் என்று இரண்டு அலாரம் எழுதிவிட வேண்டும். கோளாறின்போது மேலே போகவா கீழே போகவா என்பதும் உங்கள் தேர்வு. கண்ட்ரோல் லூப் ‘ஆட்டோ’வில் இருக்கும்போது ஃப்ளோ சிக்னல் திடீரென்று தரையில் விழுந்தால் கண்ட்ரோலர் வால்வை முழுக்கத் திறக்கும். அது ஆபத்தான லைன் என்றால் மேலே போகும்படி வையுங்கள்.

இந்த சிக்னலின் பெரிய பலம், லூப்பில் (மின்னோட்டம் சுற்றிவரும் ஒயர் வட்டத்தில்) எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. கேபிள் நீளம் அதை மாற்றாது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு, அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சப்ளை 24 வோல்ட், டூ-வயர் மீட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைப்போம். மிச்சம் 12 வோல்ட். கோளாறு சிக்னலான 22 மில்லியாம்பையும் தள்ள வேண்டுமென்றால் லூப் தாங்கும் மொத்த ரெசிஸ்டன்ஸ் 545 ஓம். இப்போது பிஎல்சியின் இன்புட் கார்டில் 250 ஓம், வெடி ஆபத்துள்ள பகுதிக்குப் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்தும் ஜீனர் பேரியர் 300 ஓம், அரை சதுர மில்லிமீட்டர் கேபிள் 500 மீட்டருக்குப் போகவரச் சுமார் 36 ஓம். கூட்டினால் 586. இந்த லூப்பில் 20.4 வரை எல்லாம் சரியாகத் தெரியும், லூப் செக்கிலும் தேறிவிடும். 22 மட்டும் ஒருநாளும் வராது. மீட்டர் கோளாறு என்று கத்தும், கண்ட்ரோல் ரூமுக்குக் கேட்காது. சப்ளை 23 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்னோட்டம் 18.8 மில்லியாம்பிலேயே நின்றுவிடும். ஓட்டம் 100 கனமீட்டர் போனாலும் திரையில் 92 தான். அதிக ஓட்டத்தில் மட்டும் கோடு தட்டையாக நிற்கிற டிரெண்டைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆக்டிவ், பாஸிவ் குழப்பம் அடுத்தது. ஃபோர்-வயர் மீட்டர் தனக்கென்று தனிப் பவர் வைத்திருக்கும், லூப்பையும் தானே ஓட்டும், அது ஆக்டிவ். டூ-வயர் மீட்டருக்காகச் செட் செய்த பிஎல்சி கார்டும் தன் டெர்மினலில் 24 வோல்ட் வைத்திருக்கும். இரண்டையும் மாட்டினால் இரண்டு சப்ளையும் மல்லுக்கு நிற்கும். ரீடிங் ஒரே எண்ணில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் இன்புட் ஃபியூஸ் போகும். மாட்டும் முன் இரண்டு பக்க ஒயரையும் கழற்றி வைத்து மல்ட்டிமீட்டரை வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் 24 வோல்ட் காட்டினால் இணைக்காதீர்கள். கார்டை ஃபோர்-வயருக்கு மாற்ற வேண்டும், அல்லது மீட்டரில் பாஸிவ் டெர்மினலுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் 0 என்றால் வெளியிலிருந்து ஒரு சப்ளை கொடுக்க வேண்டும்.

இனி துல்லியம். நல்ல மீட்டரின் அனலாக் அவுட்புட் பிழை 5 மைக்ரோஆம்ப் என்று போட்டிருந்தால் கேட்கச் சின்னதாக இருக்கும். 4 முதல் 20 வரையான 16 மில்லியாம்ப் ஸ்பானில் அது 0.03 சதவீதம், அதாவது மணிக்கு 0.03 கனமீட்டர். ஓட்டம் 10 கனமீட்டருக்கு இறங்கும்போது அதே 0.03 கனமீட்டர், ரீடிங்கில் 0.3 சதவீதம் ஆகிவிடும். பிஎல்சி கார்டின் பிழை ஸ்பானில் 0.1 சதவீதம் என்றால், அந்த ஓட்டத்தில் இன்னும் 1 சதவீதம். 0.1 சதவீதத் துல்லியத்துக்காகப் பணம் கொடுத்து வாங்கிய கொரியோலிஸ் மீட்டர், கீழ் ஓட்டத்தில் சாதாரண மீட்டராகிவிடுகிறது. மீட்டரின் பிழை ரீடிங்கைப் பொறுத்து, அனலாக்கின் பிழை ஸ்பானைப் பொறுத்து. இந்த வித்தியாசத்தை டேட்டா ஷீட் தனித்தனி வரியில்தான் சொல்லும். கூட்டிப் பார்ப்பது வாங்குபவர் வேலை.

பூஜ்யப் பிழை இன்னும் கொடுமை. வால்வு அடைத்த நிலையில் கார்டு 4.00-க்குப் பதில் 4.02 என்று படித்தால், அது ஸ்பானில் 0.125 சதவீதம். மணிக்கு 0.125 கனமீட்டர், நாளைக்கு 3 கனமீட்டர், 30 நாளில் 90 கனமீட்டர், ஒரு சொட்டும் ஓடாமலேயே. மீட்டருக்குள் லோ ஃப்ளோ கட்-ஆஃப் (மிகச் சின்ன ஓட்டத்தைப் பூஜ்யமாக்கும் வரம்பு) வைத்திருக்கிறோமே என்பார்கள். பிழை மீட்டரைத் தாண்டிய பிறகு நுழைகிறது, அந்தக் கட்-ஆஃப் இதைத் தொடாது. பிஎல்சியிலும் தனியாக ஒன்று வைக்க வேண்டும். அதன் அளவை மீட்டரின் கட்-ஆஃபுக்குச் சற்று மேலே வையுங்கள்.

அனலாக்கை வைத்து பிஎல்சியிலேயே டோட்டல் போடுபவர்கள் கவனிக்காத இன்னொரு பள்ளம், 32 பிட் ஃப்ளோட் எண் (பின்னத்தோடு எண்ணை வைக்கும் முறை; எண் பெரிதாகப் பெரிதாக நுணுக்கம் குறையும்). ஒவ்வொரு வினாடியும் ஓட்டத்தை 3600-ஆல் வகுத்து டோட்டலில் சேர்க்கிறோம். 100 கனமீட்டருக்கு அது 0.0278. டோட்டல் சின்னதாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. டோட்டல் 65,536 தாண்டியதும் அந்த எண்ணால் 0.0078 படிகளில்தான் ஏற முடியும், 0.0278 என்பது நான்கு படியாக முழுமையாக்கப்பட்டு 0.03125 ஆகச் சேரும். கணக்கு 12.5 சதவீதம் கூடுதலாக ஓடும். 524,288 வந்ததும் ஒரு படியின் அளவே 0.0625, 0.0278 அதில் பாதிகூட இல்லை, ஆகவே எதுவும் சேராது. டோட்டல் அப்படியே உறைந்துவிடும். முழு ஓட்டத்தில் ஓடும் லைனில் சுமார் 200 நாளில் இது நடக்கும். அதற்குள் கமிஷனிங் செய்தவர் அந்த இடத்தை விட்டே போயிருப்பார். இதற்கு எளிய வழி, சின்ன ஃப்ளோட் ஒன்றில் பின்னத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, 1 தாண்டியதும் அதிலிருந்து 1 கழித்து, தனியாக வைத்த முழு எண் கவுண்டரில் 1 கூட்டுவது.

டிஃபரன்ஷியல் பிரஷர் முறையில் அளந்தால் மட்டும் வரும் ஒரு தவறையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆரிஃபிஸில் (பைப்புக்குள் வைக்கும் துளைத் தகட்டில்) ஓட்டம், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வர்க்கமூலத்தை டிரான்ஸ்மிட்டரும் எடுத்து பிஎல்சியும் எடுத்தால், 50 சதவீத ஓட்டம் 70.7 என்று தெரியும். இரண்டு பேரும் எடுக்காவிட்டால் அதே 50 சதவீதம் 25 ஆகத் தெரியும். பூஜ்யத்திலும் முழு ரேஞ்சிலும் மட்டும் சரிபார்த்தால் இரண்டு தவறும் பிடிபடாது, ஏனென்றால் 0-க்கும் 1-க்கும் வர்க்கமூலம் அதே எண்தான். நடுவில் ஒரு புள்ளியை எடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

எங்கள் முடிவு: கண்ட்ரோல் வால்வு, டிரெண்ட், அலாரம் இவற்றுக்கு 4-20 மில்லியாம்ப்தான் முதல் தேர்வு. பழுது பார்க்க மல்ட்டிமீட்டர் ஒன்று போதும், எந்த பிஎல்சியும் ஏற்றுக்கொள்ளும். டோட்டலுக்கு இதை நம்ப வேண்டாம்.

பல்ஸ்

டோட்டலுக்கு பல்ஸ். மீட்டருக்குள் கணக்கான அளவு, ஒவ்வொரு 10 லிட்டருக்கும் ஒரு பல்ஸ் என்று வெளியே வருகிறது. எண்ணுவது மட்டும்தான் வேலை; ஸ்கேல், ஸ்பான், பூஜ்யம் எதுவும் இல்லை. வால்வு அடைத்தால் பல்ஸ் நிற்கும், டோட்டலும் நிற்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மீட்டரின் துல்லியம் சிதையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

ஆனால் எண்ணிக்கையைச் சரியாக வைக்க மூன்று இடத்தில் கவனம் தேவை.

முதலில் பல்ஸின் மதிப்பும் அகலமும். மணிக்கு 100 கனமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 லிட்டர். லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்று வைத்தால் வினாடிக்கு 27.8 பல்ஸ். அகலத்தை 100 மில்லிவினாடி என்று விட்டுவிட்டால், ஆன் 100, ஆஃப் 100 என்று வினாடிக்கு 5 பல்ஸ்தான் வெளியே வர முடியும். மீதி என்ன ஆகும்? சில மீட்டர்கள் வரிசையில் போட்டு வைத்து, ஓட்டம் குறையும்போது அனுப்பும். வால்வு அடைத்த பிறகும் கவுண்டர் ஏறிக்கொண்டிருக்கும். சில மீட்டர்கள் அலாரம் கொடுத்துவிட்டு அவற்றைத் தொலைத்துவிடும். அதே மீட்டரில் 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்று மாற்றினால் 360 மில்லிவினாடிக்கு ஒன்று வரும், 100 மில்லிவினாடி அகலம் தாராளமாக அடங்கும்.

இரண்டாவது, பல்ஸைப் பெறும் பக்கம். பிஎல்சியின் ஸ்கேன் (புரோகிராம் ஒரு சுற்று ஓடும் நேரம்) 20 மில்லிவினாடி என்றால் ஆன் நேரமும் ஆஃப் நேரமும் தனித்தனியே அதைவிட நீளமாக இருக்க வேண்டும். 5 மில்லிவினாடி பல்ஸைச் சாதாரண டிஜிட்டல் இன்புட் சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றை விடும். டோட்டல் எப்போதும் குறைவாகவே வரும், அதுவும் ஓட்டத்துக்கு ஏற்ப மாறாமல் தாறுமாறாக. அத்தகைய இடத்தில் ஹை ஸ்பீட் கவுண்டர் இன்புட் வேண்டும். காந்தத்தால் மூடும் ரீட் ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் மீட்டரில் இதற்கு நேர் எதிரான தொல்லை: காண்டாக்ட் ஒரு முறை மூடும்போது சில முறை துள்ளும், ஹை ஸ்பீட் கவுண்டர் ஒவ்வொரு துள்ளலையும் எண்ணிவிடும். அதற்கு இன்புட் ஃபில்டரைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, ஓபன் கலெக்டர் வயரிங். பெரும்பாலான மீட்டரின் பல்ஸ் அவுட்புட் ஒரு டிரான்சிஸ்டர் மட்டும். தானாக வோல்டேஜ் தராது. 24 வோல்ட்டிலிருந்து ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கொடுத்தால்தான் சிக்னல் உண்டாகும். எந்த மதிப்பு? கையில் கிடைத்த 2.2 கிலோ ஓமைப் போட்டுவிடுவது வழக்கம். பிஎல்சி இன்புட்டின் உள் ரெசிஸ்டன்ஸ் 3.3 கிலோ ஓம் என்றால், டிரான்சிஸ்டர் ஆஃபில் இருக்கும்போது இன்புட்டில் விழுவது 14.4 வோல்ட். ஐஇசி 61131-2 வகை 1 இன்புட், 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ‘ஆன்’ என்று உறுதி தரும். ஆகவே இது ஒரு கார்டில் வேலை செய்யும், அடுத்த கார்டில் செய்யாது. காலையில் ஓடும், சப்ளை சற்றே இறங்கினால் நிற்கும். 1 கிலோ ஓம் போட்டால் 18.4 வோல்ட் கிடைக்கும். டிரான்சிஸ்டர் ஆனில் 24 மில்லியாம்ப் போகும், அதை மீட்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ரெசிஸ்டரில் 0.58 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும், 1 வாட் எடுங்கள். சோர்ஸிங் வகை இன்புட் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், டிரான்சிஸ்டரை நேரே இன்புட்டுக்கும் பொதுத் தரைக்கும் நடுவில் மாட்டலாம்.

ரிலே அவுட்புட்டில் பல்ஸ் எடுக்கக் கேட்பவர்களும் உண்டு. வினாடிக்கு ஒரு பல்ஸ் என்றால் நாளைக்கு 86,400 தடவை அந்த ரிலே அடிக்கும். மெக்கானிக்கல் ரிலேயின் ஆயுளை அது சில மாதத்திலேயே தின்றுவிடும். ரிலேவை எம்ப்டி பைப், திசை, லிமிட் அலாரம் போன்ற எப்போதாவது மாறும் செய்திகளுக்கு விட்டுவிடுங்கள்.

ஓட்டம் இரண்டு பக்கமும் போகும் லைனில் ஒரே பல்ஸ் போதாது. முன்னோக்கிப் போனதும் பின்னோக்கி வந்ததும் ஒன்றாகக் கூடிவிடும். திசைக்கு ஒரு ஸ்டேட்டஸ் அவுட்புட், அல்லது 90 டிகிரி தள்ளிவரும் இரட்டைப் பல்ஸ் வேண்டும். எண்ணெய், எரிவாயு கைமாறும் இடங்களில் இரட்டைப் பல்ஸுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: இரண்டு வரிசையையும் ஒப்பிட்டால் நடுவில் தொலைந்த பல்ஸும், மின் இரைச்சலில் பிறந்த போலிப் பல்ஸும் தனியே தெரியும். ஐஎஸ்ஓ 6551 இதற்கான பாதுகாப்பு நிலைகளைப் பற்றித்தான் பேசுகிறது.

ஃப்ரீக்வென்சி அவுட்புட் பல்ஸின் தம்பி. முழு ரேஞ்சுக்கு 10,000 ஹெர்ட்ஸ் வரை போகும், ஓட்ட வேகத்தை நுணுக்கமாகச் சொல்லும். புரூவரில் (கொள்ளளவு தெரிந்த சோதனைக் கருவியில்) வைத்துச் சோதிக்கவும் வேகமான பேட்ச் நிரப்பலுக்கும் இதுதான் ஏற்றது. நீளமான கேபிளில்தான் வம்பு. ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 பிகோஃபாரட் உள்ள கேபிள் 300 மீட்டர் போனால் 30 நானோஃபாரட். 10 கிலோ ஓம் புல்-அப்போடு சேர்ந்து சிக்னல் ஏறவே 0.3 மில்லிவினாடி ஆகும். 10,000 ஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்குக் கிடைப்பதோ 0.05 மில்லிவினாடி. சதுர அலை மழுங்கி, எண்ணவே முடியாத சிற்றலையாகிவிடும். ரெசிஸ்டரைக் குறைக்கலாம், ஆனால் முழு ரேஞ்சை 1,000 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது அதைவிட நிம்மதி.

ஹார்ட்

4-20 ஓடும் அதே இரண்டு ஒயரில், அதன் மேலேயே ஏறிப் போகும் டிஜிட்டல் பேச்சு இது. 1200 ஹெர்ட்ஸ் ஒன்று, 2200 ஹெர்ட்ஸ் பூஜ்யம், ஏற்ற இறக்கம் அரை மில்லியாம்ப். சராசரி பூஜ்யம் என்பதால் அனலாக் அளவு கெடாது. வேகம் வினாடிக்கு 1200 பிட் மட்டும், ஆகவே வினாடிக்கு இரண்டு மூன்று பதிலுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கண்ட்ரோலுக்கு இது ஆகாது. ஆனால் மீட்டரின் உள் டோட்டல், வெப்பநிலை, அடர்த்தி, கோளாறு விவரம் எல்லாம் கூடுதல் ஒயர் இல்லாமல் கிடைக்கும். ரேஞ்சை மாற்ற ஏணி ஏற வேண்டாம்.

பேச்சு வரவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை லூப் ரெசிஸ்டன்ஸ் போதாததுதான் காரணம். குறைந்தது 230 ஓம், வழக்கமாக 250 ஓம் வேண்டும். இன்றைய பிஎல்சி கார்டுகள் பலவற்றில் 50 அல்லது 100 ஓம்தான் இருக்கும். அந்த லூப்பில் ஹேண்ட்ஹெல்டை (ஹார்ட் பேசும் கைக்கருவியை) சப்ளையின் இரண்டு முனையில் மாட்டினால் சிக்னல் சப்ளைக்குள்ளேயே அமிழ்ந்துபோகும். ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஹேண்ட்ஹெல்டை மீட்டர் டெர்மினலிலோ அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலோ மாட்டுங்கள். போடும் முன் மேலே சொன்ன 545 ஓம் கணக்கை இன்னொரு தடவை போட்டுக்கொள்ளுங்கள். மல்ட்டிடிராப் முறையில் பல மீட்டரை ஒரே ஜோடியில் மாட்டினால் மின்னோட்டம் 4-லேயே நின்றுவிடும், அனலாக் போய்விடும். அந்த நிலைக்குப் போகிறவர்கள் மாட்பஸை எடுப்பது நல்லது.

மாட்பஸ் ஆர்டியு

கருவிகள் ஒரே கேபிளில் எண்களைக் கேட்டு வாங்கும் டிஜிட்டல் மொழி இது; 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. இன்றும் ஃப்ளோ மீட்டர் உலகில் அதிகம் கேட்கப்படும் டிஜிட்டல் அவுட்புட்களில் இதுவும் ஒன்று. ஆர்எஸ்-485 வழியாக ஒரு ஜோடி ஒயரில் 32 கருவிகள், குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை. பத்து ஃப்ளோ மீட்டர் இருந்து, ஒவ்வொன்றிலும் ஓட்டம், டோட்டல், வெப்பநிலை, நிலைமை என்று நாலு எண் வேண்டுமென்றால் அனலாக்கில் 40 சேனல் போகும். இதில் ஒரே கேபிள்.

கேபிள் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பெட்டி வைத்து நட்சத்திரம் மாதிரிப் பிரித்தால் எதிரொலி கிளம்பி பதில்கள் சிதையும். இரண்டு கோடியிலும் மட்டும் 120 ஓம் டெர்மினேஷன். ஒவ்வொரு மீட்டரிலும் அந்தச் சின்ன ஸ்விட்சை ஆன் செய்து வைப்பதுதான் பரவலான தவறு. ஏ, பி என்ற குறிகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகின்றன. பதிலே வராவிட்டால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெடாது. பேரிட்டியும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) பாருங்கள்: தரநிலை ஈவன் என்கிறது, பல கருவிகள் பேரிட்டி இல்லாமல் வருகின்றன.

பதில் வந்த பிறகுதான் உண்மையான குழப்பம். ரெஜிஸ்டர் (மீட்டர் தன் எண்களை வைத்திருக்கும் 16 பிட் இடம்) எண் ஒன்று தள்ளியிருக்கும். கையேட்டில் 40001 என்பது ஒயரில் 0. ஃப்ளோட் எண் இரண்டு ரெஜிஸ்டர் எடுக்கும், எது முன்னால் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். 100.0 என்ற ஓட்டம் 17096, 0 என்று இரண்டு ரெஜிஸ்டராக வரும். முன்பின் மாற்றிப் படித்தால் கிட்டத்தட்ட பூஜ்யமான ஒரு எண் கிடைக்கும், திரை 0.00 காட்டும். ஓட்டமே இல்லை என்று வால்வைப் போய்ப் பார்ப்பார்கள். மீட்டரில் தெரிந்த ஓர் எண்ணை சிமுலேட் செய்துகொண்டு, ரெஜிஸ்டர்களைப் பச்சையாகப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விடை தெரியும். டோட்டலை ஃப்ளோட்டாக எடுக்காதீர்கள். லிட்டரில் 16,777,216-க்கு மேல் அது ஒவ்வொன்றாக எண்ண மாட்டாது. நம் 100 கனமீட்டர் மீட்டர் அந்த எண்ணை ஏழே நாளில் தொட்டுவிடும். முழு எண் ரெஜிஸ்டரோ டபுள் ரெஜிஸ்டரோ இருந்தால் அதை எடுங்கள்.

வேகம்: 9600 பாடில் பத்து ரெஜிஸ்டர் கேட்டு வாங்க, ஒயரில் மட்டும் சுமார் 38 மில்லிவினாடி, மீட்டர் யோசிக்கும் நேரத்தையும் இடைவெளியையும் சேர்த்தால் ஏறக்குறைய 100. முப்பது ஃப்ளோ மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 3 வினாடி. டோட்டலுக்கும் அறிக்கைக்கும் போதும், வேகமான கண்ட்ரோலுக்குப் போதாது. இன்னொன்று, கேபிள் அறுந்தால் 4-20 தானாகச் சொல்லிவிடும், மாட்பஸ் சொல்லாது. பல புரோகிராம்கள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஓட்டம் ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில் திரையில் நிற்கும். டைம்-அவுட் அலாரம் இல்லாத மாட்பஸ் இணைப்பை முடிந்த வேலையாக ஏற்கவே கூடாது.

மற்றவை

புரோஃபிபஸ் பிஏ, ஃபவுண்டேஷன் ஃபீல்ட்பஸ் எச்1 இரண்டும் வினாடிக்கு 31.25 கிலோபிட்டில், பவரையும் தகவலையும் ஒரே ஜோடியில் கொண்டுபோகும். டிரங்கு 1,900 மீட்டர் வரை. அவற்றோடு பேசும் ஹோஸ்ட் சிஸ்டம் ஏற்கனவே இருக்கும் ஆலைக்கு அருமை. இல்லாத இடத்தில் ‘பின்னால் உதவும்’ என்று இந்த அவுட்புட்டோடு மீட்டர் வாங்கினால் பின்னால் போர்டு மாற்ற வேண்டியதுதான். ஈதர்நெட்/ஐபி, புரோஃபிநெட் வசதி உள்ள மீட்டர்கள் பேட்ச் வேலைக்கு நன்றாகத் தேறுகின்றன, காப்பர் கேபிள் 100 மீட்டரில் முடிந்துவிடும் என்பதை மட்டும் லேஅவுட் போடும்போதே பாருங்கள். 2021-இல் வந்த ஈதர்நெட்-ஏபிஎல் அந்த வரம்பை இரண்டே ஒயரில் 1,000 மீட்டருக்கு நீட்டுகிறது, புது ஆலை கட்டுபவர்கள் தீவிரமாகப் பரிசீலிக்கலாம். ஐஓ-லிங்க் 20 மீட்டருக்குள், மெஷின் மேலேயே இருக்கும் சின்ன மீட்டருக்கு. 0-10 வோல்ட்டை ஒரே பேனலுக்குள் தவிர வேறெங்கும் வேண்டாம். கேபிளில் விழும் வோல்டேஜ் முழுக்க ரீடிங்கில் பிழையாகிவிடும்.

ஆர்டர் எழுதும்போது

தனியாக ஒரு மீட்டர், பொதுவான வேலை என்றால் எங்கள் பரிந்துரை ஹார்ட்டோடு 4-20 ஒன்று, அதோடு தனியான பல்ஸ் ஒன்று. வேகம் அனலாக்கில், டோட்டல் பல்ஸில், பழுது விவரம் ஹார்ட்டில். பல மீட்டர் ஒரே இடத்தில் என்றால் மாட்பஸ், அதிலும் கட்டுப்பாட்டுக்கு உள்ள மீட்டருக்கு மட்டும் கூடவே ஒரு 4-20.

கேட்லாக்கில் ‘அனலாக், பல்ஸ், ஸ்டேட்டஸ்’ என்று மூன்றும் அச்சாகியிருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் வருமா என்று கேளுங்கள். பல மீட்டரில் இரண்டாவது ஜோடி டெர்மினல் பல்ஸாகவோ ஃப்ரீக்வென்சியாகவோ ஸ்டேட்டஸாகவோ இருக்கும், மூன்றில் ஒன்று மட்டும். மாடல் கோடில் அவுட்புட்டுக்கான எழுத்தைத் தனியே சரிபாருங்கள். ஆக்டிவா பாஸிவா, அவுட்புட்கள் ஒன்றுக்கொன்று மின்பிரிப்போடு இருக்கின்றனவா, ஆபத்துப் பகுதியில் பல்ஸுக்கு நாமூர் வகை 8.2 வோல்ட் அவுட்புட் வேண்டுமா, ஒரு பல்ஸுக்கு எத்தனை லிட்டர், அகலம் எவ்வளவு, முழு ரேஞ்ச் என்ன, எந்த அலகு: இவ்வளவும் ஆர்டரிலேயே இருக்கட்டும். மீட்டரில் 0-100, பிஎல்சியில் 0-120 என்று வைத்துவிட்டு ‘எப்போதும் 20 சதவீதம் கூட வருகிறது’ என்று தேடுவது அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

மாட்டிய அன்று மீட்டரின் சிமுலேஷனில் 4, 8, 12, 16, 20 என்று ஐந்து புள்ளியையும், பிறகு 22-ஐயும் அனுப்பித் திரையில் பாருங்கள். பல்ஸை எண்ணிக்கை வைத்துச் சோதியுங்கள்: 100 அனுப்பினால் 100 வர வேண்டும், 99 வந்தாலும் ஏற்காதீர்கள். ஷீல்டைப் பேனல் பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பிறகு 24 மணி நேரம் ஓடவிட்டு, அதில் சில மணி நேரம் வால்வை அடைத்தும் வைத்து, டிஸ்ப்ளே டோட்டலையும் திரை டோட்டலையும் ஒரே நிமிடத்தில் குறித்து ஒப்பிடுங்கள். வேரியபிள் ஸ்பீடு டிரைவ் அருகில் இருந்தால் பம்ப் ஓடும்போது ஒரு தடவை, நிற்கும்போது ஒரு தடவை. நின்ற நிலையில் பல்ஸ் ஏறினால் கேபிள் பாதையை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெர்மினல் மூடியைத் திருகும் முன் சிமுலேஷன் ‘ஆஃப்’ ஆகியிருக்கிறதா என்று மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். சில மீட்டர்கள் தானாக அதிலிருந்து வெளியே வருவதில்லை.